தூண்டிலோடு ஓர் ஐப்பசிப் பகல்

ஐப்பசி மாதத்தில் இரண்டு மழைகளுக்கு நடுவே ஒரு நாள் வெயில் காயும்போது, குன்றத்தூர் மலையின் 84 படிகளையும் ஏறி, முருகன் சந்நிதியைத் தரிசித்துவிட்டு மேற்கு முகமாக நிற்பவருக்கு, செம்பரம்பாக்கம் ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதபடி ஒரே சாம்பல் நிறப் பரப்பு தென்படும். நிறைந்தால் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி நீரும் கொள்ளும் அந்த ஏரியைச் சென்னைவாசிகள் குடிநீரின் பொருட்டும், 2015 டிசம்பர் வெள்ளத்தின் பொருட்டும் நன்றாக அறிவார்கள். அதில் வாழும் மீன்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நான் சொல்லப் போவதோ அந்தப் பெரிய ஏரியைப் பற்றியன்று. தாம்பரத்திலிருந்து குன்றத்தூர் வரையுள்ள பிரதேசத்தில், வீட்டு மனைகளுக்கு இரையானவை போக இன்னும் எஞ்சியிருக்கும் சிற்றேரிகளுள் ஒன்றில், ஒரு முதியவரின் பக்கத்தில் அமர்ந்து கழித்த ஒரு பகற்பொழுதைப் பற்றியே எழுதுகிறேன்.

புரட்டாசி முழுவதும் அவர் தூண்டிலைத் தொடுவதில்லை. பெருமாளுக்குரிய மாதம் கழிந்து ஐப்பசி பிறந்த பிறகுதான், பரண்மேல் கிடந்த மூங்கிற்கோலை இறக்கி, எண்ணெய் தடவி, புதிய நரம்பு கட்டுகிறார். நைலான் இழையைத் தூண்டிற்காரர்கள் நரம்பு என்றே சொல்கிறார்கள். பழைய ரப்பர்ச் செருப்பிலிருந்து சுண்டுவிரல் அளவுக்கு வெட்டியெடுத்த ஒரு துண்டுதான் தக்கை. அதன் கீழே ஒரு சிறு ஈயக்குண்டு. அதற்கும் கீழே முள். மண்புழுவை அவர் முள்ளில் கோத்த விதத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைப்பக்கத்தில் செருகி, முள்ளின் வளைவு முழுவதும் மறையும்படி மெல்ல உருவி ஏற்றி, வாலில் அரை அங்குலம் மட்டும் துடிப்பதற்கு விட்டுவைக்கிறார். அந்த அரை அங்குலம்தான் மீனை அழைப்பது.

காலை ஏழு மணிக்குப் போட்ட தக்கை பத்து மணி வரை அசையவில்லை. "புதுத்தண்ணி தம்பி, கலங்கலா இருக்குது. மத்தியானத்துக்கு மேலதான் கடிக்கும்" என்றார். அதற்குக் காரணம் உண்டு. மழைநீர் சேறு கலந்து வந்து சேர்ந்த மறுநாள், கண்ணால் இரை தேடும் மீன்கள் மந்தமாக நிற்கும். மண் அடியில் படிந்து நீர் தெளியத் தொடங்கிய பின்னரே அவை சுறுசுறுப்படையும். கெளுத்திக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அதன் மீசைகளே சுவையறியும் உறுப்புகளாக இருப்பதால், இருளிலும் கலங்கலிலும் அது தடவித் தடவியே ஆகாரத்தைக் கண்டுகொள்கிறது. அன்று முதலில் அகப்பட்டதும் கெளுத்திதான். அதன் செட்டைமுள் குத்தினால் கை வீங்கி, நெடுநேரம் கடுக்கும் என்பதால், ஈரத்துணியால் பிடித்து முள்ளைக் கழற்றினார்.

தக்கையின் அசைவைக் கொண்டே மீனின் ஜாதியைச் சொல்லிவிடும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. கெண்டை படபடவென்று கொத்தித் தக்கையை நடுங்கச் செய்யும். ஜிலேபி பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். கெளுத்தி நிதானமாக ஆழத்திற்குக் கொண்டுபோகும். இவற்றுள் ஜிலேபி நம் நாட்டுப் பிராணியன்று. ஆப்பிரிக்க நீர்நிலைகளுக்குரிய அந்த மீனை 1952-ஆம் வருஷத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத ஏரியைக் காண்பது அரிது. நம் ஏரிகளில் விடப்படும் கட்லாவும் ரோகுவும் கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளில் பிறந்து வளர்ந்த குலத்தைச் சேர்ந்தவை. ஆனால் விரால் இந்த மண்ணுக்கே உரியது.

ஏரியில் தூண்டில் போடுவதும் ஒரு சாஸ்திரமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் அறியார். சென்னை மாகாணத்தில் சிவில் உத்தியோகம் வகித்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர், 1873-இல் இந்தியாவில் தூண்டில்மீன் பிடித்தலைப் பற்றி ஒரு பெரிய நூலும், 1887-இல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனியாக மற்றொரு நூலும் வெளியிட்டார். ஆங்கிலேயர் ஓய்வு நேரத்து விநோதமாகக் கருதியதை, நம் ஏரிக்கரை மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அன்றாடக் கறிக்காகச் செய்துவந்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நண்பகல் கடந்தபின் நீர் சற்றே தெளிந்தது. மூன்று கெண்டைகளும் ஒரு ஜிலேபியும் அடுத்தடுத்து வந்தன. அதற்குப் பிறகு, அல்லிக்கொடிகள் படர்ந்த ஒரு மூலையில், நீர்மட்டத்தில் செந்நிறமாக ஏதோ ஒன்று கொதிப்பது போலத் தோன்றியது. "அங்க பாருங்க தம்பி, பார்ப்பு" என்று முதியவர் மெல்லிய குரலில் சொன்னார். விரால் குஞ்சுகளின் திரளுக்குத்தான் பார்ப்பு என்று பெயர். பெருவிரல் நகத்தின் நீளங்கூட இல்லாத நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே பந்தாகத் திரண்டு, மேலே வந்து காற்றைப் பருகி, மீண்டும் அடியில் அமிழ்ந்து, மறுபடியும் மேலே வந்துகொண்டிருந்தன.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலுள்ள ஓர் அறையில் ஆகாயக் காற்றை நேராக வாங்கிச் சுவாசிக்கும் சக்தி அதற்கு உண்டு. அதனால்தான் கோடையில் ஏரி வற்றினாலும் ஈரச்சேற்றுக்குள் புதைந்து உயிர் தரிக்கிறது. கடைக்காரரின் தொட்டியில் கையகல நீரிலும் நெடுநேரம் சாகாமல் கிடக்கிறது. ஆனால் அந்தச் சக்தியே அதற்கு ஆபத்தும் ஆகிறது. மூச்சு வாங்குவதற்காகக் குஞ்சுகள் மேலே வரும்போதெல்லாம், கீழே அவற்றைக் காத்து நிற்கும் பெரிய மீன் எங்கே இருக்கிறது என்பது வெளிப்பட்டுவிடுகிறது. குஞ்சுத்திரளின் நடுவே ஒரு தவளையையோ, தவளை போன்ற ரப்பர்ப் பொம்மையையோ எறிந்தால், பசியினால் அல்லாமல், பிள்ளைகளைக் காக்கும் ஆவேசத்தினால் அது பாய்ந்து கவ்வும். இப்படிப் பிடிப்பது மிகவும் எளிது. பெரிய விராலும் கிடைக்கும். சந்தையில் நல்ல விலையும் கிடைக்கும். காவல் போனபின் அந்தக் குஞ்சுகள் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் ஏனைய மீன்களுக்கும் இரையாகிவிடும்.

இவ்வாறே குஞ்சுகளைக் காக்கும் ஸ்மால்மௌத் பாஸ் என்றொரு மீன் வட அமெரிக்காவின் குளிர்ந்த ஏரிகளில் உண்டு. இலையுதிர்காலத்தில் நீர் குளிரத் தொடங்கியதும், பனிக்காலத்துக்கு உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொள்ளும் பொருட்டு அது பாறைகளின் ஓரத்தில் ஓயாமல் இரை தேடும். அதைப் பிடிக்க அங்குள்ளவர்கள் படகில் நாள் முழுவதும் காத்திருப்பார்கள். கனடாவில் குடியேறிய நம் தமிழரும் அதை அறிவார்கள். அந்த மீனில் ஆண் மீனே வாலினால் கூழாங்கல் தரையைத் துடைத்து, தட்டுப்போலக் குழி அமைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காக்கிறது. அவ்வாறு காக்கும் பருவத்தில் அதைப் பிடிப்பதற்குத் தடை விதிக்கும் வழக்கம் அங்கே பல பகுதிகளில் நெடுநாளாக உண்டு. பருவம் வந்தபின் பிடித்தவர்களிலும் பலர், மீனை உயிரோடு திரும்ப நீரில் விட்டுவிடுகிறார்கள்.

பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுவதை நாம் அந்நியரிடமிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர் இந்தக் குன்றத்தூர். அநபாய சோழனிடம் அமைச்சராயிருந்த அவர், கும்பகோணத்தையடுத்த திருநாகேச்சரத்தில் கொண்ட பக்தியால், அதே பெயரில் ஒரு சிவாலயத்தைத் தம் ஊரிலும் எழுப்பினார். அவர் பாடிய அடியார்களுள் ஒருவர் நாகப்பட்டினத்துப் பரதவரான அதிபத்த நாயனார். வலையில் அகப்படும் மீன்களில் தலையாய ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவருடைய நித்திய விரதம். நாள்தோறும் ஒரே ஒரு மீன் அகப்பட்டுக் குடும்பம் பசியால் வாடிய காலத்திலும், கடைசியில் பொன்மயமான மீனே அகப்பட்டபோதும், அவர் அந்த விரதத்தை விடவில்லை. ஏரிகள் சூழ்ந்த ஊரில் பிறந்தவர் கடற்கரை மீனவர் ஒருவரை இவ்வளவு பரிவோடு பாடியதை எண்ணும்போது, என் மனம் இந்தக் கரையையே நாடுகிறது.

முதியவருக்குப் பெரிய புராணம் தெரியுமா என்று நான் விசாரிக்கவில்லை. பார்ப்பைக் கண்டதும் அவர் கோலை உயர்த்தி, நரம்பைச் சுற்றி, கூடையை எடுத்துக்கொண்டு நூறடி தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். பொழுது சாயும் வரையில் அந்த இடத்தில் இன்னும் இரண்டு கெண்டைகள்தான் கிடைத்தன. புறப்படும்போது, கரையில் யாரோ அறுத்தெறிந்திருந்த நரம்புச் சுருளையும் பொறுக்கி மடியில் செருகிக்கொண்டார். கொக்கின் காலில் அது சிக்கினால் அறுபடாது, மட்காது. பறவை பட்டினி கிடந்து சாகும்.

இந்த ஐப்பசியில் தூண்டிலோடு ஏரிக்குப் போகும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: முதலில் அந்த ஏரியில் மீன் பிடிக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுத்திரள் தென்பட்டால் கோலை எடுத்துக்கொண்டு வேறு துறைக்குப் போய்விடுங்கள், அறுந்த நரம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள்.