ராக் பட்ட கடன்

மிஸிஸிப்பியின் பருத்திக் காட்டில் பிறந்த பாட்டை உலகமே பாடியது. அதற்கான காசு, முதலில் பாடியவரின் வீடு போய்ச் சேர மட்டும் பல ஆண்டுகள் பிடித்தன.

1970களின் தொடக்கத்தில் ஒரு நாள், கூலி வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்த ஆர்தர் குரூடப், பிள்ளைகள் நால்வரை அழைத்துக்கொண்டு வர்ஜீனியாவிலிருந்து நியூயார்க் புறப்பட்டார். வயது அறுபத்தைந்தைத் தொட்டுவிட்டது. அவருடைய பாடல்களின் உரிமையை வைத்திருந்த பதிப்பு நிறுவனம், பாக்கித் தொகையாக 60,000 டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. தந்தையும் பிள்ளைகளும் கையெழுத்திட்டார்கள். காகிதங்கள் நிறுவனத் தலைவரின் கையெழுத்துக்காக உள்ளே போயின. கையெழுத்தாகாமலேயே திரும்பி வந்தன. வழக்குப் போட்டு ஜெயித்தால்கூட இந்த மனிதருக்கு இவ்வளவு கிடைக்காது என்பது அங்கே போடப்பட்ட கணக்கு. குரூடப் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அந்தப் பாடல்களில் ஒன்று 'தட்ஸ் ஆல் ரைட்'. 1946 செப்டம்பரில் சிகாகோவில் குரூடப் பாடிப் பதிவு செய்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1954 ஜூலை 5 அன்று, மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டுடியோவில் 19 வயது இளைஞன் ஒருவன் மெதுவான காதல் பாட்டுகளைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தான். எதுவும் சரிப்படவில்லை. இடைவேளையில் விளையாட்டாக குரூடப்பின் பாட்டை எடுத்துத் துள்ளலாகப் பாட ஆரம்பித்தான். கிடார் வாசிப்பவரும் பாஸ் வாசிப்பவரும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்டுடியோ முதலாளி ஸாம் ஃபிலிப்ஸ் கதவைத் திறந்து, அதையே முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். இளைஞன் பெயர் எல்விஸ் பிரெஸ்லி. ராக் இசையின் வரலாற்றை எழுதுபவர்களில் பலர் முதல் அத்தியாயத்தை இந்த இரவில்தான் தொடங்குகிறார்கள்.

எல்விஸ் எதையும் மறைக்கவில்லை. இசைத்தட்டில் குரூடப்பின் பெயர் அச்சாகியிருந்தது. சிறு வயதில் டூபலோ ஊரில் அவருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்ததை 1956ல் பேட்டியிலேயே சொன்னார். ஆனால் பாட்டின் உரிமை குரூடப்பிடம் இல்லை. முதன்முதலில் சிகாகோ வந்தபோது, ரயில் பாலத்துக்கு அடியில் மரப்பெட்டிக்குள் படுத்துத் தூங்கியவர் அவர். ஒலிப்பதிவுக்கு வழிசெய்த ஏஜென்ட் நீட்டிய காகிதத்தைப் படித்துப் பார்த்து பேரம் பேசும் நிலையில் அவர் இல்லை.

அவர் பாடிய ப்ளூஸ் எங்கிருந்து வந்தது? மிஸிஸிப்பி டெல்டா என்பது ஆறு கடலில் கலக்கும் இடம் அல்ல. மிஸிஸிப்பி, யாஸு என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே, வடமேற்கு மிஸிஸிப்பியில் தட்டையாக விரிந்து கிடக்கும் கரிசல் பூமி. அடிமை முறை ஒழிந்த பிறகும் கறுப்பர்கள் அங்கே வெள்ளை முதலாளியின் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டு, அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்த்தால் கடனாளியாகவே நின்றார்கள். வயலில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பதில் கொடுக்கும் பாட்டும், சர்ச்சில் பாடிய பாட்டும், மலிவு விலைக் கிடாரும் சேர்ந்து பிறந்தது ப்ளூஸ். இசையமைப்பாளர் டபிள்யூ.ஸி. ஹேண்டி, 1903ல் டட்வைலர் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில் காத்திருந்தபோது, கந்தல் உடுத்திய ஒருவர் கிடார் தந்திகள் மேல் கத்தியை வழுக்கவிட்டுப் பாடியதைக் கேட்டார். அந்த மனிதர் யார் என்று ஹேண்டி எழுதி வைக்கவில்லை.

ப்ளூஸின் சட்டகம் எளிமையானது. பன்னிரண்டு அளவுகள், மூன்றே 'கார்டு'கள். முதல் வரியை இரண்டு முறை சொல்லி மூன்றாவது வரியில் பதில் சொல்ல வேண்டும். வரி முடிந்து பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் கிடார் பேசும். காந்தாரமும் நிஷாதமும் நேராக நிற்காமல் சற்றே இறங்கி இழையும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்காது. பியானோவை மட்டும் கேட்டு வளர்ந்த ஐரோப்பியக் காதுக்கு அது வேறு உலகம். இந்தச் சட்டகம் தெரிந்த நான்கு பேர், முன்பின் அறிமுகம் இல்லாவிட்டாலும், ஐந்தே நிமிடத்தில் சேர்ந்து வாசிக்கலாம். பிற்காலத்தில் கார் ஷெட்டுகளில் ராக் குழு ஆரம்பித்த பையன்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சக் பெரி, லிட்டில் ரிச்சர்ட் ஆகியோரின் பல பாடல்களில் இருப்பது இந்தப் பன்னிரண்டு அளவுகள்தான். பீட்டில்ஸின் 'கான்ட் பை மீ லவ்' பாட்டிலும் சரணத்தைத் தட்டிப் பார்த்தால் அதே எலும்புக்கூடு.

டெல்டாவில் பாட்டு யாருடைய தனிச்சொத்தும் அல்ல. ஒருவர் பாடிய வரியை அடுத்த ஊர்க்காரர் எடுத்துக்கொள்வார், மெட்டை மாற்றுவார், தன் ஊர்ப் பெயரைச் செருகிக்கொள்வார். குரூடப்பின் பாட்டிலேயே 1920களில் பிளைண்ட் லெமன் ஜெஃபர்ஸன் பாடிய வரியின் சாயல் உண்டு. ஸ்கிப் ஜேம்ஸ் 1931ல் துப்பாக்கியைப் பற்றிப் பாடிய பாட்டை, துப்பாக்கியின் அளவை மட்டும் மாற்றி 1936ல் ராபர்ட் ஜான்ஸன் பாடினார். யாரும் யார் மீதும் கோபப்படவில்லை. பத்து டாலரும் இருபது டாலரும் புழங்கிய உலகம் அது.

இந்த ராபர்ட் ஜான்ஸன்தான் இன்று ப்ளூஸின் மூல விக்கிரகம். 1936 நவம்பரில் ஸான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லஸிலும் அவர் பதிவு செய்தவை 29 பாடல்கள். 1938 ஆகஸ்ட் 16ல் கிரீன்வுட் அருகே இறந்தபோது வயது 27. நாற்சந்தியில் நள்ளிரவில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிடார் வித்தை பெற்றார் என்ற கதை இசைத்தட்டு விற்பனைக்கு நன்றாகவே உதவியிருக்கிறது. ஆனால் அந்தக் கதை முதலில் டாமி ஜான்ஸன் என்ற வேறொரு பாடகரைப் பற்றிச் சொல்லப்பட்டது. ராபர்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஐக் ஸிம்மர்மன் என்ற கிடார்காரர். இருவரும் யாருக்கும் தொந்தரவில்லாமல் கல்லறை மைதானத்தில் உட்கார்ந்து சாதகம் செய்தார்கள். உழைப்பைவிட சாத்தானுக்குக் கவர்ச்சி அதிகம்.

இறந்து 23 ஆண்டுகள் கழித்து, 1961ல், அவருடைய பாடல்கள் நீண்ட இசைத்தட்டாக வெளிவந்தன. அட்லான்டிக்கின் மறுகரையில் சில ஆங்கிலேய இளைஞர்கள் கையில் அது சிக்கியது. கீத் ரிச்சர்ட்ஸ் முதல் முறை கேட்டபோது, கூட வாசிக்கும் இன்னொருவர் யார் என்று கேட்டார். இன்னொருவர் இல்லை, தாளமும் மெட்டும் ஒரே கிடாரிலிருந்து வந்துகொண்டிருந்தன. எரிக் கிளாப்டன் தன் க்ரீம் குழுவோடு ஜான்ஸனின் நாற்சந்திப் பாட்டை மின்சாரக் கிடாரில் வாசித்து 1968ல் வெளியிட்ட பதிவு, ராக் கிடார் பழகுகிறவர்களுக்குப் பாலபாடம் ஆகிவிட்டது.

டெல்டாவையும் லண்டனையும் இணைத்த பாலம் சிகாகோ. பருத்திக் காட்டை விட்டு ரயிலேறிய லட்சக்கணக்கான கறுப்பர்களில் ஒருவராக 1943ல் அங்கே வந்து இறங்கினார் மடி வாட்டர்ஸ். கூச்சல் நிறைந்த சாராயக் கடைகளில் மரக் கிடாரின் சத்தம் எடுபடவில்லை. கிடாருக்கு மின்சாரம் வந்தது, டிரம்ஸ் வந்தது, லிட்டில் வால்டர் மௌத் ஆர்கனை மைக்கோடு சேர்த்துப் பிடித்து ஊதினார். இரண்டு கிடார், பாஸ், டிரம்ஸ், முன்னே நின்று சவால் விடும் பாடகர் என்று ராக் குழுவின் உருவம் முழுமையும் அங்கேயே தயார். 1958ல் மடி வாட்டர்ஸ் இங்கிலாந்து போய் மின்சாரக் கிடாரை முழக்கியபோது, கிராமியப் பாட்டை எதிர்பார்த்து வந்தவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். பாடம் கற்றுக்கொண்ட அவர் அடுத்த முறை மரக் கிடாரோடு போனார். அதற்குள் மின்சாரக் கிடார்தான் வேண்டும் என்று கேட்கும் இளைஞர் பட்டாளம் உருவாகிவிட்டது. போலந்திலிருந்து குடியேறிய செஸ் சகோதரர்களின் நிறுவனத்துக்காக அவர் 1950ல் பாடிய பாட்டின் தலைப்பிலிருந்துதான் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் குழுவுக்குப் பெயர் எடுத்தார்கள்.

ஸ்டோன்ஸ் குருபக்தி உள்ளவர்கள். 1964 ஜூனில் அமெரிக்கா போனதும் சிகாகோவில் 2120, சவுத் மிஷிகன் அவென்யூவில் இருந்த செஸ் ஸ்டுடியோவுக்கே போய்ப் பதிவு செய்தார்கள். 1965ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தபோது, ஹௌலின் உல்ஃபும் பாட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற உடம்பும் கொண்ட அந்த மனிதர் பாட, ஸ்டோன்ஸ் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். கறுப்பு ப்ளூஸ் பாடகர் ஒருவரை வெள்ளை அமெரிக்காவின் வீட்டுக் கூடங்களுக்குள் கொண்டுவர ஆங்கிலேயப் பையன்கள் வர வேண்டியிருந்தது. அதே ஸ்டோன்ஸ் 1969ல் ஜான்ஸனின் 'லவ் இன் வெய்ன்' பாட்டைப் பதிவு செய்தபோது இசைத்தட்டில் வேறொரு பெயர் அச்சானது. பாட்டு யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து என்ற வாதம் நீதிமன்றம் வரை போய், 2000ல் தோற்றது. அதற்குள் ஜான்ஸனுக்கு ஒரு மகன் இருப்பதும் தெரியவந்தது. ஜல்லி லாரி ஓட்டிப் பிழைத்த அவரே சட்டப்படி வாரிசு என்று மிஸிஸிப்பி நீதிமன்றம் தீர்ப்பளிக்க, தந்தை பார்த்திராத பணம் மகன் கைக்கு வந்தது.

பணம் புழங்க ஆரம்பித்ததும், டெல்டாவின் கொடுக்கல் வாங்கலுக்கு அர்த்தம் மாறிவிட்டது. வரியை எடுத்துக்கொள்வது பழைய வழக்கம்தான். ஆனால் இப்போது லேபிளில் 'எழுதியவர்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு ஒவ்வொரு தட்டுக்கும் காசு. இதில் வெள்ளை ராக் குழுக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1955ல் சக் பெரியின் 'மேபலீன்' வெளிவந்தபோது, அதில் ஒரு வார்த்தைகூட எழுதாத வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடின் பெயரும் இன்னொருவர் பெயரும் இணை ஆசிரியர்களாக அச்சாகியிருந்தன. அந்தப் பெயர்களை நீக்க பெரிக்கு 1986 வரை ஆயிற்று.

பெண்கள் நிலை இன்னும் மோசம். 'ஹௌண்ட் டாக்' பாட்டை 1952ல் முதலில் பாடியவர் பிக் மாமா தார்ன்டன். அதை எழுதியவர்கள் லெய்பர், ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளை இளைஞர்கள். ஆனால் அதற்கு உறுமலும் நக்கலும் தந்தது தார்ன்டனின் குரல். தனக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று அவர் சொன்னார். 1956ல் எல்விஸ் பாடியபோது அது லட்சக்கணக்கில் விற்றது.

எல்லாவற்றையும் கணக்கில் வைத்துக்கொண்டவர் வில்லி டிக்ஸன். மிஸிஸிப்பியின் விக்ஸ்பர்கில் 1915ல் பிறந்தவர், இளமையில் குத்துச்சண்டை வீரர், மலை போன்ற உருவம். செஸ் நிறுவனத்தில் பாஸ் வாசித்தார், ஆட்களைச் சேர்த்தார், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட்டு எழுதினார். 'ஹூச்சி கூச்சி மேன்' மடி வாட்டர்ஸுக்கு. 'ஸ்பூன்ஃபுல்', 'லிட்டில் ரெட் ரூஸ்டர்', 'பேக் டோர் மேன்' ஹௌலின் உல்ஃபுக்கு. பின்னால் இவற்றை எடுத்துக்கொண்டவர்கள் முறையே க்ரீம், ஸ்டோன்ஸ், டோர்ஸ். ஒரு தனி மனிதரின் பேனாவுக்கு ராக் இவ்வளவு கடன்பட்டது வேறெங்கும் இல்லை.

லெட் ஸெப்பலின் 1969ல் வெளியிட்ட 'ஹோல் லாட்டா லவ்' உலகெங்கும் முழங்கியது. எழுதியவர்கள் என்று குழுவின் நால்வர் பெயர் மட்டும் இருந்தது. மடி வாட்டர்ஸுக்காக டிக்ஸன் எழுதி 1962ல் வெளிவந்த பாட்டின் வரிகள் அதில் தெளிவாகக் கேட்பதைக் கண்டுபிடித்துத் தந்தையிடம் சொன்னது டிக்ஸனின் மகள். 1985ல் வழக்குத் தொடரப்பட்டது. 1987ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. இப்போது அந்தப் பாட்டில் டிக்ஸன் பெயரும் இருக்கிறது. அந்த முழக்கும் கிடார் சுழற்சியும் ஜிம்மி பேஜின் சொந்தச் சரக்கு என்பதையும் சொல்ல வேண்டும். வெறும் நகலாக இருந்திருந்தால் யாரும் வழக்கே போட்டிருக்க மாட்டார்கள். இதே குழு 1971ல், மிஸிஸிப்பி வெள்ளத்தைப் பற்றிய 1929ஆம் ஆண்டுப் பாட்டை எடுத்தாண்டபோது மெம்ஃபிஸ் மின்னியின் பெயரைத் தங்கள் பெயர்களோடு சேர்த்தே அச்சிட்டது. ஆக, வழி தெரியாமல் இல்லை.

நேர்மையாக நடந்தவர்களுக்குப் பெரிய செலவும் ஆகிவிடவில்லை. க்ரீம் குழு 1966ல் ஸ்கிப் ஜேம்ஸின் பாட்டு ஒன்றை அவர் பெயரிலேயே வெளியிட்டது. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ஜேம்ஸுக்கு, 1969ல் இறப்பதற்கு முன், இசையால் கிடைத்த ஒரே பெரிய தொகை அந்த ராயல்டிதான்.

டிக்ஸன் தனக்குக் கிடைத்ததோடு நிற்கவில்லை. வயதான பாடகர்கள் தங்கள் உரிமைத் தொகையை மீட்க உதவ 'ப்ளூஸ் ஹெவன்' அறக்கட்டளையைத் தொடங்கினார். 1992 ஜனவரியில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் மனைவி, 2120, சவுத் மிஷிகன் அவென்யூவில் இருந்த பழைய செஸ் ஸ்டுடியோ கட்டடத்தையே விலைக்கு வாங்கினார். 1997ல் அறக்கட்டளை அங்கே குடியேறியது.

குரூடப் 1974 மார்ச்சில் காலமானார். அவரை நியூயார்க்கிலிருந்து திருப்பி அனுப்பிய பதிப்பு நிறுவனத்தை அதன்பின் இன்னொரு பெரிய நிறுவனம் விலைக்கு வாங்க முன்வந்தது. கணக்குகளைப் புரட்டியபோது தீராத பாக்கி ஒன்று உறுத்தியது. அதைத் தீர்க்காமல் விற்பனை முடியாது என்றாகிவிட்டது. குரூடப்பின் குடும்பத்துக்கு முதல் காசோலை போயிற்று. தொகை இரண்டு லட்சம் டாலருக்கும் அதிகம். உயிரோடிருந்தபோது அவருக்கு மறுக்கப்பட்டதைப் போல மூன்று மடங்குக்கு மேல்.