மெசீனா நீரிணையில் வசந்தகாலப் பருந்துக் கணக்கெடுப்பு

மெசீனா நீரிணை என்பது இத்தாலியின் தென்முனையான கலாப்ரியாவையும் சிசிலித் தீவையும் பிரிக்கும் ஒடுங்கிய கடற்பகுதி. மிகக் குறுகலான இடத்தில் இதன் அகலம் 3 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பும் கொன்றுண்ணிப் பறவைகள், மார்ச் முதல் மே வரை பல்லாயிரக்கணக்கில் இதன் வழியே செல்கின்றன. 1984 முதல் தன்னார்வலர்கள் நீரிணையை ஒட்டிய மலைகளில் முகாமிட்டு இவற்றை எண்ணி வருகின்றனர். உலகில் பருந்துகளை எண்ணும் இடங்கள் பல உண்டு. ஆனால் இங்கு எண்ணத் தொடங்கியவர்கள் பறவைகளோடு துப்பாக்கி வெடிச் சத்தங்களையும் சேர்த்து எண்ண வேண்டியிருந்தது.

பறவைகள் ஏன் இங்கு குவிகின்றன?

அகன்ற சிறகுகள் கொண்ட பருந்துகளும் கழுகுகளும் நெடுந்தொலைவு செல்லும்போது சிறகடிப்பதைக் கூடியவரை தவிர்க்கும். வெயிலில் சூடான நிலத்திலிருந்து மேலெழும் காற்றில் வட்டமிட்டு உயரும். பின்பு சிறகை விரித்தபடி அடுத்த வெப்பக்காற்றை நோக்கிச் சறுக்கும். கடலின் மேல் இத்தகைய காற்று மிகக் குறைவு. அங்கே சிறகடித்தே தீர வேண்டும், உடலில் சேர்த்துவைத்த கொழுப்பு விரைவில் கரையும். அதனால் கடல் குறுகியிருக்கும் இடங்களை இவை நாடுகின்றன. துனீசியாவின் போன் முனைக்கும் சிசிலியின் மேற்குப் பக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் கடல். அதைக் கடந்து வருபவை சிசிலியின் வடகரையைப் பின்பற்றி, பெலொரித்தானி மலைகளின் மேல் ஏறி, மெசீனாவை அடைகின்றன.

எல்லா இனங்களும் இந்தத் துணிச்சலைக் காட்டுவதில்லை. பாம்புகளைத் தின்னும் குட்டைவிரல் கழுகுகள் இத்தாலியில் கூடு கட்டினாலும், அவற்றில் பெரும்பாலானவை பிரான்சு, ஸ்பெயின், ஜிப்ரால்டர் என்று மேற்கே சுற்றிக்கொண்டு போகின்றன, அவ்வழியே திரும்புகின்றன. மார்ச் மாதத்தில் அவற்றை எண்ண விரும்புவோர் மெசீனாவுக்கு வருவதில்லை. வடக்கே ஜெனோவாவுக்கு அருகிலுள்ள அரென்சானோ மலைக்குச் செல்கிறார்கள்.

மெசீனாவின் முதன்மைப் பயணி ஐரோப்பியத் தேன்பருந்து. தமிழ்நாட்டில் தேனடைகளைச் சூறையாடும் தேன்பருந்தின் நெருங்கிய உறவினம் இது. பெயரில் தேன் இருந்தாலும் இதன் உணவு பெரும்பாலும் குளவிக் கூட்டிலுள்ள புழுக்கள். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை இதன் வரவு உச்சத்தில் இருக்கும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் கடந்த நாட்களும் உண்டு. கரும்பருந்து, பூனைப்பருந்து வகைகள், செங்கால் வல்லூறு, விராலடிப்பான், எப்போதாவது ஒரு மஞ்சள்முகப் பாறு ஆகியவையும் கூடவே வரும்.

எண்ணும் முறை

வெப்பக்காற்றில் சுழலும் கூட்டத்தை எண்ண முயல்வது வீண். நூறு பறவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமிடும்போது எது எண்ணியது, எது எண்ணாதது என்று தெரியாது. அனுபவமுள்ளவர்கள் காத்திருப்பார்கள். உச்சியை எட்டியதும் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய்ப் பிரிந்து வடக்கு நோக்கிச் சறுக்கும்; அந்த வரிசையைத்தான் எண்ண வேண்டும். ஒருவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்ல, மற்றவர் இனம், எண்ணிக்கை, நேரம், பறந்த திசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார்.

இனம் காண்பதற்கு நிறம் அதிகம் உதவாது. தேன்பருந்துகளில் ஏறக்குறைய வெண்மையானதும் உண்டு, கரும்பழுப்பும் உண்டு. உருவத்தையும் பறக்கும் பாங்கையும் பார்க்க வேண்டும். புறாவினுடையதைப் போல் முன்நீண்ட சிறிய தலை, நீண்ட வால், சறுக்கும்போது தட்டையாகவோ சற்றே தாழ்ந்தோ இருக்கும் சிறகு என்றால் தேன்பருந்து. ஏறக்குறைய அதே அளவுள்ள பூனைப்பருந்து சிறகுகளை மேல்நோக்கி உயர்த்திப் பிடித்திருக்கும்.

எண்ணுபவர்களை அலைக்கழிப்பது காற்று. அதன் திசைக்கேற்பப் பறவைகளின் பாதை சிசிலிப் பக்கமோ கலாப்ரியாப் பக்கமோ ஒதுங்கும். எதிர்க்காற்று பலமாக வீசினால் அவை மலைச்சரிவை ஒட்டி மிகத் தாழ்வாகப் பறக்கும். எண்ணுவதற்கு அதுவே சிறந்த நாள், சுடுவதற்கும் அதுவே.

துப்பாக்கிகளுக்கு நடுவில்

நீரிணையின் இரு கரைகளிலும் வசந்தத்தில் தேன்பருந்தைச் சுடுவது நீண்டகால வழக்கம். ஆண்டுக்கு ஒன்றையாவது வீழ்த்தாதவனின் மனைவி அவனுக்குத் துரோகம் செய்வாள் என்ற நம்பிக்கை அங்கே நிலவியது. பறவை கறிக்கானது என்பதைவிட ஆண்மைக்கான சான்று என்பதே முக்கியமாக இருந்தது. கலாப்ரியாவில் மறைந்திருந்து சுடக் கான்கிரீட் பதுங்கறைகளே கட்டியிருந்தார்கள். 1977ஆம் ஆண்டுச் சட்டம் இத்தாலியில் எல்லாக் கொன்றுண்ணிப் பறவைகளுக்கும் பாதுகாப்பு அளித்தது. சட்டம் வந்த பின்னும் சுடுவது நிற்கவில்லை.

மெசீனாவைச் சேர்ந்த அன்னா ஜோர்தானோ இதைத் தன் கண்ணால் கண்டபோது அவருக்குப் பதினைந்து வயது. 1980களின் தொடக்கத்தில் அவர் தொடங்கிய போராட்டமே பின்னர் பன்னாட்டு முகாமாக வளர்ந்தது. உலக இயற்கை நிதியத்தின் இத்தாலியக் கிளையும், கலாப்ரியாப் பக்கத்தில் லிபு என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் இதில் பங்கேற்றன. தன்னார்வலர்கள் மலையில் நிற்பார்கள். வெடிச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்த்து வனக் காவலர்களுக்குத் தெரிவிப்பார்கள். மிரட்டல்கள் வந்தன. ஜோர்தானோவின் காருக்குத் தீவைத்தார்கள். 1998இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது வழங்கப்பட்டது. அதற்குள் சிசிலிப் பக்கத்தில் வேட்டை பெருமளவு அடங்கிவிட்டது. கலாப்ரியாவில் அது குறைந்தாலும் முற்றிலும் மறையவில்லை.

வசந்தகால வேட்டை இந்த இனத்துக்கு ஏன் இத்தனை கேடானது என்பதற்கு எளிய காரணம் உண்டு. தேன்பருந்தின் குஞ்சுகள் முதல் இலையுதிர்காலத்தில் ஆப்பிரிக்கா சென்றால் அடுத்த ஆண்டே திரும்புவதில்லை. பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் அங்கேயே தங்கிவிடும். எனவே மே மாதத்தில் மெசீனாவைக் கடப்பவை ஏறக்குறைய எல்லாமே கூடு கட்டப் போகும் முதிர்ந்த பறவைகள். ஓர் இணை ஆண்டுக்கு வழக்கமாக இரண்டு முட்டைகளே இடும். இலையுதிர்காலத்தில் சுடப்படும் குஞ்சு எப்படியும் பாலைவனத்தில் மடிந்திருக்கக்கூடும். வசந்தத்தில் சுடப்படுவதோ அத்தனை இடர்களையும் தாண்டி வந்தது.

பாலமும் கணக்கேடும்

நீரிணையின் மேல் 3,300 மீட்டர் நீள நடு இடைவெளியும் 399 மீட்டர் உயரக் கோபுரங்களும் கொண்ட தொங்குபாலம் ஒன்று பல பத்தாண்டுகளாகத் திட்டமிடப்பட்டு வருகிறது. 2025 ஆகஸ்டில் இத்தாலிய அரசின் அமைச்சர் குழு அதற்கு ஒப்புதல் அளித்தது. அக்டோபரில் தணிக்கை நீதிமன்றம் அந்த ஒப்புதலை ஏற்க மறுத்தது. எதிர்க்காற்றில் தாழ்ந்து வரும் பறவைகளும் இரவில் கடக்கும் சிறு பறவைகளும் கோபுரங்களிலும் கம்பிகளிலும் மோதக்கூடும் என்பது இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளின் வாதங்களில் ஒன்று. எந்த நாளில், எந்த நேரத்தில், எத்தனை பறவைகள் இவ்வழியே போயின என்று யாரேனும் கேட்டால், பகல் பயணிகளைப் பொறுத்தவரை எடுத்துக்காட்ட இந்த முகாம்களின் நாற்பதாண்டுக் குறிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஏப்ரலிலும் புதியவர்கள் சிலர் மலைக்கு வந்து, முதல் இரண்டு நாட்கள் பூனைப்பருந்தையும் தேன்பருந்தையும் குழப்பிக்கொண்டு, அந்தக் குறிப்பைத் தொடர்கிறார்கள்.