ஒரே எக்ஸ்எம்எல், இரண்டு வழிகள் ஏன்?

எக்ஸ்எம்எல் தரவை வெப் சர்வருக்கு அனுப்ப போஸ்ட், புட் என இரண்டு முறைகள் எதற்கு?

போஸ்ட் என்றால், 'இதை வாங்கி உன் வழக்கப்படி கவனி' என்று பொருள். புதிய ஆர்டரைப் பதிய ஏற்றது. புட் என்றால், 'இந்த முகவரியில் இருப்பதை எடுத்துவிட்டு இதை வை.'

பதில் வருமுன் இணைப்பு அறுந்தால் வித்தியாசம் புரியும். புட்டைத் தயங்காமல் மறுபடி அனுப்பலாம். பத்து முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே. போஸ்ட்டை மறுபடி அனுப்பினால், ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகலாம்.

ஒரு பகுதியை மட்டும் திருத்த 2010இல் பேட்ச் முறை வரையறுக்கப்பட்டது. கெட், தரவைக் கேட்டு வாங்குவதற்கு மட்டுமே.

போஸ்ட், புட் இரண்டிலுமே கன்டென்ட்-டைப் தலைப்பில் 'அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல்' என்று குறிப்பிட வேண்டும். தவறான வகையைக் குறித்தால், சர்வர் 415 என்ற பிழை எண்ணுடன் மறுத்துவிடலாம்.