பேஸ் கித்தார் குதிரை

பேஸ் கித்தார் குதிரை என்பது பேஸ் கித்தாரின் உடற்பகுதியில் தந்திகளைத் தாங்கி நிற்கும் உலோக உறுப்பாகும். இது பொதுவாக பிரிட்ஜ் என அழைக்கப்படுகிறது. வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரையும் தந்திகளைத் தாங்கும் இதே பணியைச் செய்கிறது. குதிரையை மாற்றினால் தொனி மேம்படுமா என்பது இசைக்கலைஞர்களிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படும் ஒன்றாகும்.

அமைப்பு

உடலில் திருகாணிகளால் பொருத்தப்பட்ட தகடும், அதன் மேல் சேடில் எனப்படும் நகரக்கூடிய தாங்கிகளும் இதன் முதன்மைப் பகுதிகளாகும். தாங்கியை உயர்த்தியோ தாழ்த்தியோ தந்தியின் உயரத்தை அமைக்கலாம். முன்பின் நகர்த்திச் சுருதியைச் சரிசெய்யலாம். 12ஆவது மெட்டில் எழும் ஒலி, திறந்த தந்தியின் அதிர்வெண்ணைப் போல் சரியாக இருமடங்காக இருத்தல் வேண்டும். அது கூடுதலாக இருப்பின் தாங்கி பின்னோக்கி நகர்த்தப்படும்.

வரலாறு

1951இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் வெளியிட்ட பிரிசிசன் பேஸில் நான்கு தந்திகளுக்கு இரண்டு தாங்கிகளே இருந்தன. இதனால் ஒவ்வொரு தந்தியின் சுருதியையும் தனித்தனியே சரிசெய்ய இயலவில்லை. 1957இல் தந்திக்கு ஒன்றாக நான்கு தாங்கிகள் அமைக்கப்பட்டன. 1970களில் எடைமிக்க மாற்றுக் குதிரைகள் பரவலாயின. அவற்றுள் பேட்ஆஸ் வகை புகழ்பெற்றது. மார்கஸ் மில்லர், கெடி லீ ஆகியோர் இதனைப் பயன்படுத்தியோரில் குறிப்பிடத்தக்கவர்கள்.

தொனியில் ஏற்படும் விளைவு

அதிரும் தந்தியின் ஆற்றலில் ஒரு பகுதி அதன் இரு முனைகள் வழியாக வெளியேறுகிறது. எடைமிக்க குதிரை குறைவாக அசைவதால், கோட்பாட்டளவில் ஒலி சற்று நீடிக்க வேண்டும். எனினும் சாதாரண குதிரையும் தடித்த மர உடலில் இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால் மிகக் குறைவாகவே அசைகிறது. நீண்டு மெலிந்த கழுத்துப் பகுதியே கூடுதலாக அசைகிறது. பல பேஸ் கித்தார்களில் ஜி தந்தியின் 5 முதல் 7 வரையிலான மெட்டுகளில் ஒலி விரைவாக மங்குவதற்குக் கழுத்தின் அதிர்வே காரணமாகும். குதிரையை மாற்றுவதால் இக்குறை பொதுவாக நீங்குவதில்லை.

காந்த பிக்கப் தந்தியின் அசைவையே மின்குறிப்பாக மாற்றுகிறது. ஆகவே தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளி சிறிது மாறினாலும் ஒலியளவும் தொனியும் மாறும். குதிரையை மாற்றும்போது இவ்விடைவெளி மாறுவதுண்டு. பெரும்பாலும் புதிய தந்திகளும் அப்போதே பூட்டப்படுகின்றன. புதிய தந்திகள் இயல்பாகவே தெளிவாக ஒலிப்பதால், அத்தெளிவு குதிரையினால் வந்ததாகக் கருதப்பட வாய்ப்புண்டு. ஒரே தந்திகள், ஒரே உயரம், ஒரே பிக்கப் இடைவெளி ஆகியவற்றுடன் ஒப்பிட்டால் மட்டுமே குதிரையின் பங்கை அறிய இயலும்.

மாற்ற வேண்டிய நிலைகள்

தாங்கிகள் தேய்ந்திருத்தல், திருகாணிகள் தளர்ந்து அதிர்தல், சுருதி நிலைக்காமை ஆகியன மாற்றத்திற்குத் தக்க காரணங்களாகும். இவற்றுட் சில, திருகாணியை இறுக்குவதாலோ தாங்கியை மட்டும் மாற்றுவதாலோ தீரக்கூடியவை. புதிய குதிரையை வாங்குமுன் அதன் திருகு துளைகளும் தந்தி இடைவெளியும் பழையதுடன் பொருந்துகின்றனவா என அளந்து பார்த்தல் வேண்டும். பொருந்தாவிடில் உடலில் புதிய துளைகள் இட நேரிடும்.