இரண்டு பையன்களுக்குத் தனிப் பந்தி!

ஆடித்தபசு வந்துவிட்டால் சங்கரன்கோவில் தாங்காது. பாதி சிவனும் பாதி திருமாலுமாக நிற்கும் சங்கரநாராயணரைப் பார்க்கவும், கோமதி அம்மனின் தபசுக் காட்சிக்காகவும் கூட்டம் அலைமோதும். பசித்தவர்களுக்கு ஆங்காங்கே இலை போட்டுச் சாப்பாடும் உண்டு. பக்கத்து இலையில் இருப்பவர் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. மனசுக்குள் கேட்பவர்கள் இருக்கலாம். வாய்விட்டுக் கேட்க முடியாது!

நூறு வருஷங்களுக்கு முன்னால் இதே திருநெல்வேலி ஜில்லாவில் நிலைமை வேறு. சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்துக்குப் போனது 2019-ல்தானே!

தாமிரபரணிக் கரையில் சேரன்மகாதேவி. அங்கே வ.வே.சு.ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். லண்டனில் சட்டம் படித்தவர், குறளை ஆங்கிலத்தில் கொடுத்தவர், தேசத்துக்காக எல்லாவற்றையும் விட்டவர். குருகுலத்துக்கு 10,000 ரூபாய் தருவதாகத் தமிழ்நாடு காங்கிரஸ் ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 கொடுத்தது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு!

ஐயர் சாதி பார்க்கிற ஆள் இல்லை. ஆனால், அந்தப் பையன்களின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கைக் காப்பது கடமை என்பது அவர் கட்சி.

காங்கிரஸ் கமிட்டியின் செயலாளராக இருந்த ஈ.வெ.ராமசாமி இதை ஏற்கவில்லை. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு சரி, அந்தப் பந்திக்கு வெளியே உட்கார்ந்த பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? அதுவும் பொதுப் பணத்தில்? டாக்டர் வரதராஜுலு நாயுடு பத்திரிகையிலும் மேடையிலும் இதையே முழங்கினார்.

வாக்குத் தவறக் கூடாது என்று அழுத்திச் சொன்னவர் ஜெர்மானியத் தத்துவ ஞானி காண்ட். எந்த மனிதனையும் வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்று சொன்னவரும் அவரேதான். சேரன்மகாதேவியில் இந்த இரண்டும் மோதிக்கொண்டன. காண்ட் பேராசிரியர். பெரியாரோ பள்ளிக்கூடத்தைச் சின்ன வயதிலேயே விட்டு, ஈரோட்டு மண்டியில் கணக்குப் பார்த்தவர். ஆனால், கேள்வி ஒன்றுதான்.

1925 ஜூனில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்த ஐயர் இறந்துபோனார். சண்டை போட்ட இரண்டு தரப்பும் அப்படி ஒரு முடிவை நினைத்திருக்காது.

அதே வருஷம் மே 2-ல் 'குடி அரசு' பத்திரிகை தொடங்கியிருந்தது. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காமல் பெரியார் வெளியேறினார். பிறகு நடந்ததுதான் சுயமரியாதை இயக்கம். புரோகிதர் இல்லாத கல்யாணங்கள் ஊர் ஊராக நடந்தன. அண்ணா முதல்வரான பிறகே அவற்றுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.

கடமை பற்றி அவர் சொன்ன கணக்கு ரொம்பச் சாதாரணமானது. எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, இந்த வேலைக்கு வேறு யாரும் வரவில்லை, அதனால் நான் செய்கிறேன் என்பார். நன்றியை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் அவர் கட்சிதான். 'நான் சொல்வதால் நம்பாதே, உன் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்' என்கிற பொருளில் கூட்டம்தோறும் பேசினார். தன்னைப் பின்பற்றுகிறவர்களிடமே இப்படிச் சொல்ல எத்தனை தலைவர்களுக்குத் துணிச்சல் வரும்?

கடைசிக் காலத்தில் அவர் கையிலெடுத்தது கோயில் கருவறை. சாமியே இல்லை என்றவர், எல்லாச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என்று கேட்டார். முரண்பாடு என்று சிரித்தவர்கள் உண்டு. அவருக்கு அது சாமி பிரச்னையே இல்லை, சேரன்மகாதேவியில் பார்த்த அதே பந்திப் பிரச்னை. 1973 டிசம்பர் 19-ல் சென்னை தியாகராய நகரில் பேசினார். 24-ம் தேதி வேலூரில் காலமானபோது வயது 94.

பயிற்சி முடித்துக் காத்திருந்த பல சாதி இளைஞர்களுக்குத் தமிழக அரசு அர்ச்சகர் பணி ஆணை வழங்கியது, 2021 ஆகஸ்டில்.