மண் குடத்தின் திக்விஜயம்

பிற நாட்டுச் சங்கீதத்துடன் நமது சங்கீதம் கலப்பது பற்றிப் பேச்சு எழுந்த மாத்திரத்தில், புராதனக் கலைக்குப் பங்கம் வந்துவிட்டதென்று கூக்குரலிடுவோர் ஒரு புறமும், பிற நாட்டார் கைதட்டினாலன்றி நமது கலைக்கு மதிப்பில்லை என்று மயங்குவோர் மறுபுறமும் கிளம்பிவிடுகின்றனர். இவ்விரு சாராரையும் வடசென்னையிலுள்ள மாத்தூருக்கு வருமாறு நாம் அழைக்கிறோம். சுத்திகரிப்பு ஆலைப் புகையும் சரக்கு லாரிகளின் இரைச்சலும் சூழ்ந்த அவ்விடத்தில் சங்கீதத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு.

மாத்தூரை அடுத்த மணலியில், பதினெட்டாம் நூற்றாண்டில், முத்துகிருஷ்ண முதலியார் என்ற பிரபு திருவாரூர் ராமசாமி தீட்சிதரின் குடும்பத்தை ஆதரித்து வந்தார். தீட்சிதரின் மக்கள் முதலியார் வீட்டாருடன் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குச் சென்று ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டனர் என்பர். மூத்தவரான முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். இன்றும் குழந்தைகள் பாடும் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் இவையே. இளையவர் பாலுசாமி தீட்சிதரோ மேனாட்டுப் பிடிலைக் கற்று நமது சங்கீதத்துக்கு வசப்படுத்தினார். இதனால் நமது சங்கீதம் அழிந்துவிட்டதா? பிடில் இல்லாத கச்சேரியை இன்று நினைத்துப் பார்க்கவும் இயலுமா? வேர் ஆழமாக உள்ள மரம் எக்காற்றுக்கும் அஞ்சுவதில்லை.

அன்று உலகம் மணலிக்கு வந்தது. பிற்காலத்தில் சென்னையின் தாளம் உலகத்துக்குச் சென்றது. தேதாக்குடி ஹரிஹர சர்மா 1958-ல் சென்னையில் ஸ்ரீ ஜயகணேஷ் தாள வாத்திய வித்யாலயத்தை நிறுவினார். அவருடைய குமாரர் விக்கு விநாயக்ராம், 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தார். பின்னர் ஜான் மெக்லாலின், ஜாகிர் ஹுசேன், எல். சங்கர் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் அமர்ந்து மேனாட்டு இளைஞர்களை வியப்பில் ஆழ்த்தினார். 1991-ல் வெளிவந்த 'பிளானட் டிரம்' இசைத்தட்டில் அமெரிக்கர், பிரேசில் நாட்டார், நைஜீரியர், போர்ட்டோ ரிக்கோக்காரர் ஆகிய பல தேசத்துத் தாளக்காரர்களிடையே நமது மண் குடமும் ஒலித்தது. உலக இசைக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருது 1992-ல் அந்த இசைத்தட்டுக்கே கிடைத்தது. 2024-ல் 'சக்தி' குழு கிராமி பெற்றபோது அதில் கஞ்சிரா வாசித்தவர் விநாயக்ராமின் குமாரர் செல்வகணேஷ்.

மொழியும் வழக்கமும் வேறான இவர்கள் எவ்வாறு ஒன்று கூடினர்? கணக்கே அவர்களைக் கூட்டிற்று. எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில், ஐந்து அட்சரமுள்ள 'தகதகிட' என்ற சொல்லை இடைவிடாது சொல்லிப் பாருங்கள். சொல் தாளத்தை விட்டு விலகிக்கொண்டே போகும். நாற்பதாவது அட்சரம் முடிந்ததும் இரண்டும் மீண்டும் சமத்தில் கை கோத்துக்கொள்ளும். பிரிந்து சென்று மீண்டும் கூடும் இந்த ஆனந்தத்தை உணர ராக ஞானம் வேண்டியதில்லை, பாஷையும் வேண்டியதில்லை. நமது சொற்கட்டு வாயாலேயே கற்றுத் தரக்கூடிய உலகப் பொதுமொழி என்று கூறினால் மிகையாகாது.

திக்விஜயத்தைப் பற்றிப் பெருமை கொள்வது எளிது. ஆனால் வெளியே பிரேசில் முரசுடன் சமமாக அமரும் நாம், வீட்டிற்குள்ளே யாரை யாருடன் சமமாக அமர்த்துகிறோம்? மிருதங்கத்துக்குப் பலா மரம் மட்டும் போதாது. பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோலும் வேண்டும். அத்தோலைப் பதம் செய்து, மூட்டி, நாதத்தைப் பிறப்பிப்போர் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தார் என்பதை டி.எம். கிருஷ்ணா 2020-ல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். பாலக்காடு மணி ஐயரின் பெயரை அறியாத ரசிகர் இல்லை. அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? தோலைத் தொட்ட கை தாழ்ந்தது, அத்தோலில் பிறந்த நாதம் உயர்ந்தது என்பது என்ன நியாயம்?

பெண்களின் நிலையும் இத்தகையதே. கடத்தைக் கற்றுத் தேர்ந்த சுகன்யா ராம்கோபாலுடன் ஒரே மேடையில் வாசிக்க மறுத்த வித்வான்கள் இருந்தனர். அவர் தளராது, பெண்களைக் கொண்டே 1995-ல் ஒரு தாள வாத்தியக் குழுவை அமைத்தார். பறையின் கதையும் நாம் அறிந்ததே. சாவு வீட்டு வாத்தியமென்று ஒதுக்கப்பட்ட அதற்கு வாழ்வைத் தந்த வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சர்க்கார் அளித்த கௌரவத்தைச் சபாக்கள் அளிப்பதற்கு என்ன தடை?

வடசென்னையின் பிள்ளைகள் மேசையையும் தகர டப்பாவையும் கானாப் பாட்டுக்குத் தாளமாக்குகிறவர்கள். லயம் அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. டிசம்பர் மாதக் கச்சேரிகளோ மயிலாப்பூரையே சுற்றிச் சுற்றி வருகின்றன. மாத்தூரிலிருந்து அங்கு செல்வது பஸ் பயணத்தால் மட்டும் தொலைவானதன்று. ஆகவே சபாக்களும் மாநகராட்சியும் ஒரு காரியம் செய்ய வேண்டும். மாத்தூர், எண்ணூர், திருவொற்றியூர்ப் பள்ளிகளில் சொற்கட்டைக் கற்பிக்கட்டும். அதற்கு வாயும் கையும் போதும். பிறகு கடமும் பறையும் மிருதங்கமும் ஒரே மேடையில் ஒரே உயரத்தில் அமரட்டும். வாத்தியம் செய்தவரின் பெயரும் வாசித்தவரின் பெயருடன் அறிவிக்கப்படட்டும்.

மணலியில் கோட்டை வாத்தியத்துக்குக் காது கொடுத்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். அடுத்த தெருவின் முரசுக்குக் காது கொடுக்க மறுப்போமாயின், கண்டங்களை வென்று வந்த பெருமை வெறும் ஓட்டைக் குடமே.