அரசு செலவிட்டால் ஊர் பிழைக்குமா?

பக்தர் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் ஊர் திருப்பதி. 2020 மார்ச் 20-ந் தேதி திருமலையில் தரிசனம் நிறுத்தப்பட்டதும் பூக்கடை, சாப்பாட்டுக் கடை, விடுதி, வாடகைக் கார் யாவும் முடங்கின. ஜூன் 11-ல்தான் பொதுமக்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர்.

இத்தகைய வேளையில் அரசு கஜானாவைத் திறப்பது பலன் தருமா, வீண் விரயமா என்பது பழைய வழக்கு. மக்கள் செலவிட அஞ்சும்போது அரசு செலவிட வேண்டும் என்று 1930-களின் உலக மந்தத்தின்போது கெயின்ஸ் வாதிட்டார். கடனும் விலைவாசியும் ஏறும் என்பது எதிர்த்தரப்பு.

வேலை இழந்தோர் திரும்பிச் சென்ற கிராமங்களில் இதற்கு ஓரளவு விடை உண்டு. திருப்பதியும் அப்போது சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. 2006-ல் நூறு நாள் வேலைத் திட்டம் முதலில் வந்த 200 ஜில்லாக்களில் சித்தூரும் ஒன்று. 2020 மே மாதம் மத்திய அரசு அத்திட்டத்துக்குக் கூடுதலாக ரூ.40,000 கோடி ஒதுக்கியது. ஆந்திராவில் அவ்வாண்டு நாள் கூலி ரூ.237. நூறு நாளும் முழுக் கூலி பெற்றால் ஒரு குடும்பத்துக்கு ரூ.23,700.

கூலிக்காரர் கைப்பணம் பெட்டியில் தூங்குவதில்லை. அரிசிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் போகிறது. கடைக்காரர் மறுபடி சரக்கு எடுக்கிறார். ஆனால் கூலி தாமதமானால் வட்டிக்காரருக்கே லாபம். வெட்டிய குட்டையில் நீர் தேங்க வேண்டும். நட்ட மாங்கன்று காய்க்க வேண்டும். எனவே எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதோடு, பணம் எப்போது யார் கைக்கு வந்தது, ஊரில் என்ன மிஞ்சியது என்றும் கேட்பதே நியாயம்.